தரம் 10 பிள்ளைகளுக்கு அணுவின் கட்டமைப்பை எங்கிருந்து தொடங்குவது? (ஆய்வுகூடம் இல்லை)

படுவான்கரை_மிஸ் – ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். நான் படுவான்கரைப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பட்டப்படிப்பில் எனக்கு உயிரியல்தான் முதன்மைப் பாடம், இரசாயனம் அவ்வளவு ஆழமாகப் படித்ததில்லை. தரம் 10க்கு அணுவின் கட்டமைப்பு படிப்பித்து முடித்துவிட்டுச் சின்னதாக ஒரு சோதனை வைத்தேன். சோடியத்தின் இலத்திரன் நிலையமைப்பைக் கேட்டால் எல்லாரும் 2, 8, 1 என்று சரியாக எழுதியிருக்கிறார்கள். "அந்த 1 என்றால் என்ன?" என்று வாயால் கேட்டேன். வகுப்பே அமைதி. ஒருவன் மட்டும் எழும்பி, "அது கடைசி நம்பர் மிஸ்" என்றான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் கரும்பலகையில் மூன்று வட்டம் கீறிப் புள்ளி வைத்தேன். அவன் வட்டத்தையும் புள்ளியையும்தான் கண்டான், அணுவைக் காணவில்லை.

ஆய்வுகூடம் என்ற பெயரில் ஓர் அறை இருக்கிறது, அதற்குள் உடைந்த கதிரைகள்தான். வகுப்பில் 31 பிள்ளைகள். முற்றம், மரநிழல், கயிறு, சோக் எல்லாம் தாராளமாக இருக்கின்றன. மீண்டும் முதலில் இருந்து தொடங்க இரண்டு கிழமை கிடைத்திருக்கிறது. வகுப்பில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

சம்மாந்துறை_நானா – ஞாயிறு இரவு

அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி. நானும் முதல் சில வருடம் அந்த வட்டத்தில் இருந்துதான் தொடங்கினேன். இப்போது வட்டம் கடைசியில்தான் வரும். முதல் பாடத்தில் "புரோத்தன்" என்ற சொல்லே என் வாயில் வராது.

நான் செய்வது இதுதான். ஒரு பக்கம் 60 சென்ரிமீற்றர் வரும் சதுரப் பலகை ஒன்றை எடுங்கள், பழைய அலுமாரியின் பின்பலகை போதும். அதன் அடியில் நடுவாக ஒரு மரத்துண்டை ஒட்டுங்கள். நான்கு மூலையிலும் அதே உயரத்துக்குச் சின்னக் கட்டை வைத்துக் குப்புறப் போடுங்கள். போளை உருண்டு போகும் அளவுக்கு இடைவெளி இருந்தால் சரி. அடியில் என்ன வடிவம் இருக்கிறதென்று பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது. பலகைக்கு மேலே ஒரு வெள்ளைத்தாளை ஒட்டிவிட்டுப் போளையைக் கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்தில் இருந்தும் உருட்ட வேண்டும், போன வழியையும் வந்த வழியையும் தாளில் கோடாகக் கீற வேண்டும். இருபது முப்பது கோடு சேர்ந்ததும் நடுவில் ஒரு வெற்றிடம் தானாகவே தெரியத் தொடங்கும். "சதுரம்!" என்று ஒருவன், "இல்ல, முக்கோணம், இந்தப் பக்கம் சரிஞ்சு வருது பாரு" என்று இன்னொருத்தி. அந்தச் சண்டைதான் பாடம்.

பிறகுதான் கதை சொல்வேன். 1909இல் மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் அல்பா எனப்படும் மிகச் சிறிய துணிக்கைகளை மெல்லிய பொற்றகட்டின் மீது விட்டார்கள். மார்ஸ்டனுக்கு அப்போது 20 வயது, இன்னும் பட்டம் முடிக்காத மாணவர். இருட்டறையில் இருந்து, திரையில் விழும் சின்னச் சின்ன ஒளிப்பொட்டுகளை நுணுக்குக்காட்டியால் பார்த்து எண்ணினார்கள். பெரும்பாலானவை தகட்டை ஊடுருவி நேராகப் போயின. ஆயிரக்கணக்கில் ஒன்று மட்டும் வந்த வழியே திரும்பியது. அதை வைத்துத்தான் 1911இல் அவர்களின் பேராசிரியர் ரதர்போர்ட், நடுவில் மிகச் சிறியதாகவும் கனமாகவும் ஒன்று இருக்கிறது என்று சொன்னார். அவரும் பலகையைத் தூக்கிப் பார்க்கவில்லை என்று சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்.

---

கல்லடிக்காரன் – திங்கள் காலை

நானா சொன்னதை நானும் செய்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் தடுமாறுகிறேன். பாடம் முடிய எல்லாரும் "தூக்குங்க சேர், தூக்குங்க" என்று நிற்பார்கள். போன வருடம் தூக்கிக் காட்டிவிட்டேன். சரியாகச் சொன்ன குழு துள்ளியது, மற்றக் குழுக்களுக்கு முகம் வாடிவிட்டது. அடுத்த பாடத்தில் அவர்களுக்குக் கதைக்கவே விருப்பமில்லை. நீங்கள் தூக்குவீர்களா?

---

சம்மாந்துறை_நானா – திங்கள் மதியம்

தூக்கவே மாட்டேன் தம்பி. பலகையைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். அதற்குப் பதிலாக ஒரே பலகையை இரண்டு குழுவுக்குக் கொடுத்து இரண்டு தாளையும் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பார்க்கச் சொல்வேன். பொருந்தினால் நம்பிக்கை கூடும், பொருந்தாவிட்டால் திரும்ப உருட்டுவார்கள். விடை என்னிடம் இல்லை, அவர்கள் கீறிய கோட்டில்தான் இருக்கிறது என்று அவர்களுக்குப் பட வேண்டும். ஒருமுறை தூக்கினால் பிறகு எல்லாவற்றுக்கும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

---

பீடத்து_மாணவி – திங்கள் இரவு

நான் சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடத்தில் படிக்கிறேன். இந்தப் பலகையில் இன்னொரு படி போகலாம். வடிவத்தோடு நிற்காமல் அளவையும் கண்டுபிடிக்கலாம்.

அடியில் ஒரு சின்ன வட்டக்கட்டையை வையுங்கள். ஒரே பக்கத்தில் இருந்து மட்டும், குறி பார்க்காமல், இடத்தை மாற்றி மாற்றி 100 தரம் உருட்டச் சொல்லுங்கள். எத்தனை தரம் அடிபட்டது என்று எண்ணுங்கள். 8 தரம் என்று வைப்போம். பலகையின் அகலம் 60 சென்ரிமீற்றர் என்றால் அதில் நூற்றுக்கு 8 பங்கு 4.8 சென்ரிமீற்றர். இது கட்டையின் விட்டமும் போளையின் விட்டமும் சேர்ந்த அளவு, ஏனென்றால் போளையின் ஓரம் தொட்டாலும் அடிதான். போளை 1.6 என்றால் கட்டை 3.2 சென்ரிமீற்றர். தரம் 10 பிள்ளைக்கு இந்தக் கணக்கு சுலபம். காணாத ஒன்றை எண்ணியே அளந்தோம் என்பது அவர்களுக்குப் பெரிய விசயம்.

இன்னொன்று. போளை கட்டையில் முட்டித் திரும்புகிறது. அல்பா துணிக்கை கருவில் முட்டவில்லை. இரண்டும் நேரேற்றம், அதனால் தொடாமலே தள்ளுப்பட்டது. இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளை கருவை ஒரு கல்லாக நினைத்துக்கொள்ளும். பழைய ஸ்பீக்கரில் இருந்து இரண்டு காந்தம் எடுத்து, ஒன்றை அட்டைக்குக் கீழே ஒட்டுங்கள். மற்றதை நூலில் கட்டி, ஒத்த முனை கீழே பார்க்கும்படி அட்டைக்கு மேலே ஆட்டிவிடுங்கள். நடுவுக்கு வந்ததும் தொடாமலே விலகி ஓடும்.

---

படுவான்கரை_மிஸ் – புதன் இரவு

இன்று பலகை செய்தேன். வீட்டில் கிடந்த கட்டிலின் பலகை. போளை கேட்டதும் பையன்களின் காற்சட்டைப் பையில் இருந்து பதினேழு வந்தது!

"கடைசி நம்பர்" என்று சொன்ன அதே பையன்தான் முழங்காலில் இருந்து, காதைப் பலகையில் வைத்துச் சத்தம் கேட்டான். போளை அடிபடும் சத்தத்தை வைத்தே இடத்தைக் குறித்தான். அது எனக்குத் தோன்றவே இல்லை. அவனுடைய குழுவின் படம்தான் மற்றக் குழுவோடு மிகவும் பொருந்தியது. நானா, நான் தூக்கவில்லை. மணி அடித்த பிறகும் ஆறு பேர் போகாமல் நின்றார்கள், அப்படியும் தூக்கவில்லை.

---

தரம்10_அம்மா – புதன் இரவு

நான் ஆசிரியை இல்லை, களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தாய். மகள் இந்தப் பாடத்துக்கு யூடியூப் பார்க்கிறாள். அதில் தமிழ்நாட்டுச் சேர் ஒருவர் நல்ல வடிவாகச் சொல்லிக் கொடுக்கிறார். ஆனால் அவர் "தனிமம்" என்கிறார், இவளின் புத்தகத்தில் "மூலகம்". அவர் "நிறை எண்", இவளுக்குத் "திணிவெண்". ஆக்சிஜன், ஒட்சிசன். இரண்டும் வேறு வேறு பொருள் என்று நினைத்து இரண்டு தரம் பாடமாக்கியிருக்கிறாள். போன கிழமை அழுதேவிட்டாள். பாடசாலையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்கு எவ்வளவு பாரம் குறையும்!

---

ஓய்வு_ஆசிரியர் – வியாழன் காலை

மகள், நீங்கள் சொன்னது மிகப் பெறுமதியான விசயம். முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தேன், இந்த அழுகையை நானும் பார்த்திருக்கிறேன்.

வகுப்புச் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டுங்கள். இடது பக்கம் நம் புத்தகத்துச் சொல், வலது பக்கம் அந்தக் கரைச் சொல். மூலகம் – தனிமம், சேர்வை – சேர்மம், இலத்திரன் – எலக்ட்ரான், சமதானி – ஐசோடோப்பு, வலுவளவு – இணைதிறன். பிள்ளைகளே காணொளியில் கேட்ட சொல்லைக் கொண்டுவந்து எழுதட்டும். பரீட்சையில் இடது பக்கம், விளங்கிக்கொள்ள இரண்டு பக்கமும்.

இந்தச் சொற்கள் வானத்தில் இருந்து விழவில்லை என்பதையும் சொல்லுங்கள். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். தமிழில் கலைச்சொல் ஆக்கும் வேலையில் முன்னுக்கு நின்றவர். அவரைப் பிள்ளைகள் யாழ் நூல் எழுதியவராக மட்டும்தான் அறிந்திருக்கிறார்கள். விஞ்ஞானமும் படித்த மனிதர் என்று சொன்னால் கண் விரியும்.

---

கல்லடிக்காரன் – வியாழன் இரவு

மிஸ், உங்கள் வகுப்பில் 31 பேர் என்று வாசித்ததும் எனக்கு ஒரு கணக்கு ஓடியது. சோடியத்துக்கு இலத்திரன் 11, குளோரினுக்கு 17. சேர்த்தால் 28. மீதி மூன்று பேர் கணக்குப்பிள்ளைகள்!

முற்றத்தில் இரண்டு இடத்தில், ஒவ்வொன்றிலும் மூன்று வட்டமாகக் கயிற்றைப் போடுங்கள். நடுவில் புரோத்தனுக்குப் பதிலாகப் பிள்ளைகளின் புத்தகப் பை. 28 பேரின் பையும் சரியாகப் போதும், இந்தப் பக்கம் 11, அந்தப் பக்கம் 17. நியூத்திரனுக்குத் தண்ணீர்ப் போத்தல், சோடியத்துக்கு 12, குளோரினுக்கு 18. மொத்தம் 30 போத்தல், உங்கள் வகுப்பில் 31 இருக்கும். பிறகு உள்வட்டத்தில் இருவர், அடுத்ததில் எட்டுப் பேர் என்று நிரப்பிக்கொண்டு வாருங்கள். யார் எங்கே நிற்பது என்று நீங்கள் சொல்லாதீர்கள். "உள்ளே இடம் இருந்தால் வெளியே நிற்கக்கூடாது" என்ற ஒரு விதியை மட்டும் கொடுங்கள்.

சோடியத்தின் வெளிவட்டத்தில் ஒரேயொரு பிள்ளை தனியாக நிற்கும். குளோரினின் வெளிவட்டத்தில் ஏழு பேர், ஒரு இடம் காலி. நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, எல்லாரும் அந்தப் பிள்ளையையே பார்ப்பார்கள்.

---

பீடத்து_மாணவி – வியாழன் இரவு

கல்லடி அண்ணன், எனக்கு இதில் ஒரு பயம் இருக்கிறது. கயிற்று வட்டத்தில் நின்ற பிள்ளைக்கு, இலத்திரன் கருவைச் சுற்றி கோள்போல ஓடுகிறது என்று மனதில் பதிந்துவிடும். போர் 1913இல் சொன்ன மாதிரியுரு அது. அதிலிருந்து நாங்கள் வெளியே வருவதற்குப் பல்கலைக்கழகம் முதல் வருடம் முழுக்கப் போகிறது. பாடத்திட்டத்தில் இருப்பது சக்தி மட்டம்தான், பாதை இல்லை. வட்டத்துக்குப் பதிலாகப் படிக்கட்டு வைக்கலாமே? முதல் படியில் இருவர், அடுத்ததில் எட்டுப் பேர். படிக்கும் படிக்கும் நடுவில் யாரும் நிற்க முடியாது, அதுதான் முக்கியம். உண்மையில் மேலே போகப் போகப் படிகள் நெருங்கிக்கொண்டு போகும் என்றும் சொல்லிவிடலாம்.

படிக்கட்டோடு ஒரு காட்சியும் காட்டலாம். சோற்றில் உப்புத்தண்ணீர் பொங்கிக் கேஸ் அடுப்பில் வழிந்தால் நீலச் சுவாலை மஞ்சளாகும், வீட்டில் எல்லாரும் கண்டிருப்பார்கள். சோடியத்தின் இலத்திரன் ஒரு படி ஏறி மறுபடி இறங்கும்போது விடும் வெளிச்சம் அது.

---

சம்மாந்துறை_நானா – வெள்ளி

தங்கச்சி சொல்வது சரிதான். ஆனாலும் அயன் (ஏற்றமுள்ள அணு) உண்டாவதைப் படிக்கட்டில் காட்டுவது கஷ்டம், நெரிசலில் ஒருத்தர் விழுந்தும்விடுவார். முற்றத்தில் வட்டம் வைத்து முடித்துவிட்டு, "இது நிற்கும் இடம், ஓடும் பாதை இல்லை" என்று சொல்லி அடுத்த நாள் படிக்கட்டுக்குப் போவது நல்லது. ஒரே மாதிரியுருவில் எல்லாவற்றையும் காட்ட முடியாது. இரண்டைக் காட்டினால் எதையும் முழு உண்மை என்று பிள்ளை நினைக்காது.

மிஸ், ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். இலத்திரனைக் கொடுத்த சோடியம் ஏன் "சக" (+) ஆனது என்று கட்டாயம் இடறுவார்கள். கொடுத்தால் குறையத்தானே வேண்டும் என்பார்கள். நான் கடைக் கடன்கொப்பியைச் சொல்வேன். இலத்திரன் ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் கடன். கையில் 11 ரூபாய், கடனும் 11 ரூபாய், கணக்கு நேர். ஒரு ரூபாய்க் கடனை இன்னொருவர் தன் பெயருக்கு எழுதிக்கொண்டால் உனக்கு ஒரு ரூபாய் மிச்சம். அவருக்கு ஒரு ரூபாய் சய (−). வீட்டில் கொப்பி வைத்துச் சாமான் வாங்கும் பிள்ளைக்கு இது உடனே பிடிபடும்.

---

படுவான்கரை_மிஸ் – செவ்வாய் இரவு

முற்றத்தில் சோடியமும் குளோரினும் நின்றன. தும்புக் கயிறு போதாமல் சாரம் காயப்போடும் கொடியையும் கழற்றிக்கொண்டு வந்தோம்.

வெளிவட்டத்தில் தனியாக நின்றது வகுப்பில் மிகவும் மெதுவாகக் கதைக்கும் பிள்ளை. குளோரின் பக்கத்தில் இருந்து ஏழு பேரும் "வா வா" என்று கூப்பிட்டார்கள். அவள் நடந்துபோய் அங்கே நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தாள். "மிஸ், நான் வந்துட்டன். அது இன்னும் சோடியமா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. கணக்குப்பிள்ளையாக நின்றவன் நடுவில் போய்ப் பைகளை எண்ணினான். "பதினொண்டு. சோடியம்தான்" என்றான். உடனே அவள், "அப்ப நான் வந்த இடத்துல பதினேழு பை. நான் வந்தும் அது குளோரின்தான்" என்றாள். அணுவெண் என்றால் என்ன என்று கரும்பலகையில் நான் மூன்று தரம் எழுதியிருப்பேன். அன்று அந்தச் சொல்லைச் சொன்னதும் எல்லாரும் பைக் குவியலைப் பார்த்தார்கள்.

கடன்கொப்பி அப்படியே வேலை செய்தது, நானா. ஒரு பையன், "சோடியத்துக்குக் கடன் தீர்ந்துட்டு மிஸ், அதான் சந்தோசமா சக" என்று எழுதியிருக்கிறான். "சந்தோசமா" என்பதை நான் வெட்டவில்லை.

படிக்கட்டு நாளைக்கு. இப்போது ஒரு கேள்வி. முற்றத்து வட்டத்தில் கருவுக்கும் பிள்ளைக்கும் ஆறு காலடித் தூரம்தான். அணு அவ்வளவு நெருக்கமானது என்று நினைத்துவிடுவார்களே, இதை எப்படித் திருத்துவது?

---

கல்லடிக்காரன் – செவ்வாய் இரவு

ஒரு பயறு போதும் மிஸ்.

ஐதரசன் அணுவின் கரு ஒரேயொரு புரோத்தன். அணுவின் விட்டம் அதைப்போல அறுபதாயிரம் மடங்குக்கு மேல். பயறு நாலரை மில்லிமீற்றர் என்று வைத்துப் பெருக்கினால் கிட்டத்தட்ட 285 மீற்றர் வருகிறது. எங்கள் பழைய கல்லடிப் பாலம், 1924இல் கட்டியது, நீளம் ஏறத்தாழ 288 மீற்றர்! பாலத்தின் நடுவில் ஒரு பயறு, அணுவின் ஓரம் இந்த முனையும் அந்த முனையும். பிள்ளைகளை நடக்கவிட்டேன். முனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்து, "பயறு எங்க சேர்?" என்று கேட்டார்கள்.

நிறைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. புரோத்தன் இலத்திரனைப் போல 1836 மடங்கு பாரம். புரோத்தன் 50 கிலோ அரிசி மூட்டை என்றால் இலத்திரன் 27 கிறாம், அதாவது ஒரு சின்னப் பிடி அரிசி.

---

ஓய்வு_ஆசிரியர் – புதன் காலை

மகள், சமதானிக்கு நெருப்புப்பெட்டி சேர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் 17 பயறு, அது புரோத்தன். மூன்று பெட்டியில் 18 உழுந்தும் ஒரு பெட்டியில் 20 உழுந்தும் நியூத்திரனாகப் போடுங்கள். வெளியே பார்த்தால் நாலும் ஒன்றுபோல, திறந்தால் மூன்றில் 35, ஒன்றில் 37. கூட்டி நாலால் பிரித்தால் 35.5. புத்தகத்தில் குளோரினின் அணுத்திணிவில் ஏன் அரை வருகிறது என்று எல்லாப் பிள்ளையும் கேட்கும், அதற்கு விடை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. நியூத்திரனை 1932இல்தான் சாட்விக் கண்டுபிடித்தார். ஏற்றம் இல்லாததால் அது அவ்வளவு காலம் ஒளிந்திருந்தது.

அப்புறம், இப்போது உலர்ந்த கச்சான் காற்று வீசுகிறது. சீப்பைத் தலையில் தேய்த்துக் கடதாசித் துண்டைத் தூக்குவதை இந்த மாதமே செய்துவிடுங்கள். மார்கழி மழைக்குள் அது ஒருபோதும் சரிவராது, காற்றின் ஈரத்தில் ஏற்றம் நிற்காது.

---

படுவான்கரை_மிஸ் – வெள்ளி இரவு

கல்லடிப் பாலத்துக்குப் போக எங்களுக்குப் பஸ் இல்லை. பாடசாலைக்குப் பின்னால் மானாவாரி வயல், அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கிறது. மதில் ஓரத்தில் ஒரு கல்லை வைத்து, அதன் மேல் ஒரு பயறு வைத்தோம். அணுவின் ஓரம் 140 மீற்றர் தூரம் என்று அளந்து, எல்லாரும் வரம்பில் நடந்தோம். என் எட்டுக்கு 200, சின்னவர்களுக்கு இன்னும் கூட. போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தால் கல்லே தெரியவில்லை. வெயிலுக்கு எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"கடைசி நம்பர்" பையன் கையை நீட்டி முழு வயலையும் காட்டி, "அப்ப இவ்வளவுக்கும் நடுவில என்ன மிஸ் இருக்கு?" என்று கேட்டான். பக்கத்தில் நின்றவன் "காத்து" என்றான். சரி என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "காத்தும் ஒட்சிசன், நைதரசன்தானேடா. அதுவும் அணுதானே. அணுவுக்குள்ள எப்படி அணு இருக்கும்?" என்றான்.

நாங்கள் எல்லாரும் அந்த வயலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம்.

நெருப்புப்பெட்டி 26 சேர்ந்திருக்கிறது, சேர். திங்கட்கிழமை சமதானி.